ஆப்பிரிக்காவில் வணிகக் கல்வி எங்கே பலிக்கிறது?

கேள்வி: ஆப்பிரிக்க நாடுகளின் வளர்ச்சிக்கு வணிகக் கல்வியும் தொழில்முனைவுப் பயிற்சியும் உண்மையிலேயே உதவுகின்றனவா? அல்லது வேலை கொடுக்க வழியில்லாத அரசுகள் "நீயே முதலாளி ஆகிக்கொள்" என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து நழுவுகின்றனவா? நான் கல்லூரியில் மேலாண்மை கற்பிக்கிறேன். கானாவில் சந்தைப் பெண்களுக்குப் பத்து நாள் வகுப்பு நடத்த ஒரு தொண்டு நிறுவனம் என்னை அழைத்திருக்கிறது. பாடத்தில் எதை வைக்கலாம்?

பதில்:

உதவுகிறது. ஆனால் நீங்கள் இப்போது மனத்தில் வைத்திருக்கும் பாடத்திட்டம் அநேகமாக உதவாது. உங்களைப் பார்க்காமலேயே இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் வாகன உதிரிபாகங்களை இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். எங்களிடம் சரக்கு எடுக்கும் சிறு கடைக்காரர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் கணக்கு வகுப்பு ஒன்று தொடங்கினேன். பேரேடு, இருப்புப் பதிவு, லாப நட்டக் கணக்கு என்று மனதாரக் கற்றுக்கொடுத்தேன். மூன்றாவது வாரத்தோடு வருவது நின்றுவிட்டது. ஒருவரிடம் காரணம் கேட்டேன். "ஓகா (ஐயா), என் கடைக் கணக்கு எனக்குத் தெரியும். அடுத்த மாதம் எந்தச் சரக்கு ஓடும், அதை யாரிடம் மலிவாக வாங்கலாம் என்பதுதான் தெரியவில்லை. அதை நீங்கள் சொல்லித் தரவில்லையே" என்றார். எனக்கும் அது தெரியாது. அவருடைய பழைய முதலாளிக்குத் தெரியும். பின்னால் படித்த ஆய்வுகள் எல்லாவற்றையும் அந்தப் பதிலோடு ஒட்டிவைத்துத்தான் படித்தேன்.

ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள். நான் பேசுவது பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவையும், கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா ஆகியவற்றையும் பற்றித்தான்.

தொழில் தொடங்கும் துணிச்சலுக்கு அங்கே பஞ்சமே இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆப்பிரிக்காவில் வேலை செய்பவர்களில் 85.8 சதவீதம் பேர் முறைசாரா வேலையில் இருக்கிறார்கள். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாதவர்கள் எதையாவது விற்றுத்தான், தைத்துத்தான், பழுதுபார்த்துத்தான் சாப்பிட வேண்டும். தலையில் தட்டு வைத்துக்கொண்டு சிக்னலில் தண்ணீர்ப் பொட்டலம் விற்கும் பெண்ணும் ஒரு தொழில்முனைவோர்தான். அவரிடம் போய் "தொழில்முனைவு மனப்பான்மையை வளர்த்துக்கொள்" என்பது, மீன் பிடித்துப் பிழைப்பவரிடம் தண்ணீருக்குப் பயப்படாதே என்று சொல்வது போன்றது. அவருக்கு என்ன குறைகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீங்கள் போகவிருக்கும் கானாவின் தலைநகர் அக்ராவிலேயே நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். பொருளாதார அறிஞர்கள் டீன் கார்லன், ரயன் நைட், கிறிஸ்டோபர் உட்ரி ஆகியோர் அங்குள்ள சிறு தையற்கடைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குப் பணம் கொடுத்தார்கள். சிலருக்கு எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் ஆலோசகர்களை அனுப்பி ஓராண்டு காலம் கடைக்கே சென்று வழிகாட்டச் செய்தார்கள். சிலருக்கு இரண்டும் கிடைத்தன. தையற்காரர்கள் சொன்னதைக் கேட்டார்கள், நோட்டுப் போட்டு எழுதினார்கள், பணத்தைத் தொழிலிலும் போட்டார்கள். ஆனால் லாபம் ஏறவில்லை. ஆலோசகர்கள் போன பிறகு ஓராண்டுக்குள் பெரும்பாலோர் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "ஏழைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பயனில்லை" என்று எழுதியவர்களும் உண்டு. அந்த முடிவை நான் ஏற்கவில்லை. முயன்று பார்த்து, பலன் தராததைக் கைவிட்டார்கள்; நல்ல வியாபாரி அதைத்தான் செய்வார். இரண்டு தையல் இயந்திரத்தோடு தெருமுனையில் உட்கார்ந்திருப்பவர் தினமும் இரவு ஒரு மணி நேரம் கணக்கெழுதினால், அந்தக் கணக்கு அவருடைய நாளைய முடிவு எதை மாற்றும்? துணி வாடிக்கையாளர் கொண்டுவருவது. கூலி அந்தத் தெருவின் கூலி. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் கணக்குப் புத்தகம் திருட்டைப் பிடிக்கும், வீணாவதைப் பிடிக்கும். அவர் ஒருவரே இருக்கும் கடையில் அது பிடித்துத் தருவது சொற்பம்.

இனி அக்ராவிலிருந்து கடலோரமாகக் கிழக்கே, டோகோவின் தலைநகர் லோமேவுக்குப் போகலாம். அங்கே நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வெளியானது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் மிகவும் தெளிவான பதிலைத் தந்தது அதுதான். 1,500 சிறு தொழிலாளிகளை, கிட்டத்தட்ட பாதிப் பேர் பெண்கள், 500 பேராக மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை, ஆள் நிர்வாகம் என்று வழக்கமான வணிகப் பாடம். மூன்றாவது பிரிவுக்கு மைக்கேல் ஃப்ரேஸே என்ற ஜெர்மானிய உளவியலாளர் வகுத்த பயிற்சி. யாரும் சொல்லாமலே தானாக ஒரு காரியத்தை முன்னெடுப்பது, பக்கத்துக் கடையைப் பார்த்து நகலெடுக்காமல் வேறாக ஒன்றை யோசிப்பது, வரப்போகும் தடையை முன்கூட்டியே எண்ணி வழி வைத்திருப்பது, முதல் தோல்வியில் நின்றுவிடாமல் இருப்பது ஆகியவைதான் பாடம். இரண்டு பயிற்சிகளுக்கும் ஒரே அளவு நேரம்தான்: கடையை முழுநாள் மூட வேண்டாத அரைநாள் வகுப்புகள் நான்கு வாரம், அதன் பிறகு சில மாதங்கள் பயிற்சியாளர் கடைக்கே வந்து பார்ப்பது.

இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான பாடம் கற்றவர்களின் லாபம் 11 சதவீதம் கூடியதாகத் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒதுக்க வேண்டிய அளவுதான். மூன்றாவது பிரிவின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. பெண்களை மட்டும் பார்த்தால் 40 சதவீதம். வழக்கமான பாடத்தில் பெண்களுக்குக் கிடைத்ததோ 5 சதவீதம். செலவு ஒருவருக்குச் சுமார் 750 டாலர். சிறிய தொகை அல்ல, ஆனாலும் கூடுதல் லாபத்தில் திரும்பி வந்துவிடுகிற தொகை.

அந்தப் பயிற்சிக்கு வந்தவர்களில் கல்யாண உடைகளை வாடகைக்கு விடும் ஒரு பெண் இருந்தார். பயிற்சிக்குப் பிறகு அவர் தன் வாடிக்கையாளர்களிடம் விசாரித்தார். உடையை எடுக்க வருகிறவர்கள் முக்காட்டையும் கையுறையையும் வேறெங்கோ விலைக்கு வாங்குகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அவற்றையும் விற்கத் தொடங்கினார். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பேரேடும் வேண்டியதில்லை. கேட்கலாம் என்று தோன்ற வேண்டும். வகுப்பறையில் அதைத் தோன்ற வைக்க முடியும் என்பதுதான் லோமே நமக்குச் சொன்ன செய்தி.

மூன்றாவது இடம் கென்யத் தலைநகர் நைரோபியில் உள்ள டான்டோரா. நகரத்தின் பெரிய குப்பைக்கிடங்கு இருக்கும் பகுதி அது. புதிதாகத் தொழில் தொடங்கிய இளம்பெண்களில் சிலருக்கு வகுப்புப் பாடம் கொடுத்தார்கள். வேறு சிலரை, அதே பகுதியில் நெடுங்காலம் வெற்றிகரமாகக் கடை நடத்தும் மூத்த பெண்களிடம் சேர்த்துவிட்டார்கள். பாடத்திட்டம் கிடையாது, போய்ப் பார், பேசு, கேள், அவ்வளவுதான். வகுப்பில் படித்தவர்களின் லாபத்தில் மாற்றம் இல்லை. மூத்தவரோடு இணைந்தவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. காரணத்தைத் தோண்டிப் பார்த்தால், பெரும்பங்கு சரக்கு வாங்கும் இடத்தில் இருந்தது. "அந்த ஆளிடம் வாங்காதே, இன்ன இடத்துக்குப் போ" என்ற ஒரே வாக்கியம். எந்த மேலாண்மைப் புத்தகத்திலும் அது இருக்க முடியாது, ஏனென்றால் அது டான்டோராவுக்கு மட்டும் பொருந்தும் அறிவு. இணைப்பு அறுந்ததும் பலனும் மெல்லத் தேய்ந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. சந்தை மாறிக்கொண்டே இருக்கிறது. நேற்றைய மலிவான இடம் இன்று மலிவாக இல்லை. கேட்பதற்கு ஒருவர் தொடர்ந்து பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நான் நைஜீரியாவின் கிழக்குப் பகுதிக்கு வர விரும்புகிறேன். மூத்தவரைப் பக்கத்தில் வைத்துத் தொழில் கற்கும் முறையை இக்போ மக்கள் எந்த ஆய்வாளரும் வருவதற்கு முன்பே ஒரு சமூக ஏற்பாடாக வளர்த்துவிட்டார்கள். "இக்பா போயி" என்று பெயர். பதின்பருவப் பையன் ஒருவனை உறவினரோ ஊர்க்காரரோ ஆன வியாபாரியிடம் அனுப்புகிறார்கள். அவன் அவர் வீட்டிலேயே தங்குகிறான், சாப்பிடுகிறான். முதலில் கடை கூட்டுவான், சரக்குச் சுமப்பான், வீட்டு வேலையும் செய்வான். பிறகு விற்பனைக்கு நிற்பான். பிறகு பணம் வாங்கி வைப்பான். கடைசி ஆண்டுகளில் கொள்முதலுக்கு வெளியூர் போவான். சம்பளம் இல்லை. பேசிய காலம், பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள், முடிந்ததும் முதலாளி அவனை "செட்டில்" செய்ய வேண்டும். அதாவது கடை வைக்கக் கைமுதலோ சரக்கோ கொடுத்து, தன் வாடிக்கையாளர்களிடமும் மொத்த வியாபாரிகளிடமும் "இவன் என் பையன்" என்று அறிமுகம் செய்து அனுப்ப வேண்டும். இதிலேயே "இமு அஹியா" என்று இன்னொரு வகை உண்டு. சந்தையைக் கற்பது என்று பொருள். அதில் பெற்றோர் பணம் கட்டிப் பையனைச் சேர்ப்பார்கள்; காலம் குறைவு, முடிவில் கைமுதலும் கிடையாது.

இந்த ஏற்பாட்டின் அருமை 1970க்குப் பிறகு தெரிந்தது. தனிநாடு கேட்டு நடந்த பயாஃப்ரா போரில் தோற்ற இக்போ மக்கள் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும், ஒருவருக்கு 20 பவுண்டு மட்டும் என்று அரசு கையில் கொடுத்து அனுப்பியது. 1972இல் வெளிநாட்டு நிறுவனங்களின் பங்குகளை நைஜீரியர்களுக்கு விற்கச் சட்டம் வந்தபோது, வாங்க இக்போ மக்களிடம் பணம் இல்லை. அந்த நிலையிலிருந்து இருபது முப்பது ஆண்டுகளில் ஒனிட்ஷா சந்தை, லாகோஸின் அலாபா மின்சாதனச் சந்தை, நெவி நகரின் உதிரிபாக வணிகம் எல்லாம் எழுந்தன. ஒருவர் எழுந்தால் ஐந்து பையன்களை எழுப்பிவிடுவார், அந்த ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து பேரை எழுப்புவார்கள். "ஒன்யே அகானா ன்வானே யா" என்று இக்போவில் ஒரு சொல் உண்டு: உடன்பிறந்தவனை விட்டுவிட்டு யாரும் முன்னே போகக் கூடாது.

நெவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வளர்ச்சி என்ற சொல்லுக்கு அங்கேதான் உண்மையான பொருள் கிடைக்கிறது. அந்த ஊர் வியாபாரிகள் தைவானிலிருந்து உதிரிபாகங்களை வரவழைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 1980களில் நைஜீரிய நாணயமான நைராவின் மதிப்புச் சரிந்து இறக்குமதி கைக்கெட்டாமல் போனபோது, தங்களுக்குச் சரக்கு அனுப்பிய அதே தைவான்காரர்களிடமிருந்து இயந்திரமும் தொழில்நுட்பமும் வாங்கி உள்ளூரிலேயே செய்யத் தொடங்கினார்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு தேவை, எது சீக்கிரம் தேயும், எந்தத் தரத்துக்கு எந்த விலை என்பதெல்லாம் பல ஆண்டு வியாபாரத்தில் கைவந்த அறிவு. மின்சாரம் ஒழுங்காக வராத, தண்ணீரும் சாலையும் ஆலைகளே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்த ஊரில் அந்தத் தொழிற்சாலைகள் எழுந்தன. அதே மரபில் வந்தவர்தான் இன்னோசன்ட் சுக்வுமா. பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு இடம் கிடைக்காமல், மோட்டார் சைக்கிள் உதிரிபாகக் கடையில் தொழில் பழகியவர். மோட்டார் சைக்கிளை முழுதாக இறக்காமல் பிரித்து ஏற்றினால் ஒரே கன்டெய்னரில் பல மடங்கு வரும் என்று கண்டு விலையைக் குறைத்தார். அதிலிருந்து பிளாஸ்டிக் ஆலைக்கும், அதிலிருந்து 2010இல் நெவியில் திறந்த இன்னோசன் வாகன ஆலைக்கும் போனார்.

இந்த முறையைக் கொண்டாடுகிற பலர் அதன் காயங்களைச் சொல்வதில்லை. காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போது "கல்லாவில் கை வைத்தான்" என்று பழி போட்டுப் பையனை வெறுங்கையோடு துரத்திய முதலாளிகளை நானே பார்த்திருக்கிறேன். எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது. ஊர்ப் பெரியவர்கள் தலையிட்டால்தான் உண்டு. பள்ளியைப் பாதியில் விட்டு வரும் பையன்கள் ஏராளம்; அந்தப் பகுதியில் மேல்வகுப்புகளில் பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை மிஞ்சி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெண்களுக்கோ இந்த வழியில் பெரும்பாலும் இடமே இல்லை. அதனால்தான் அரசும் கல்வி நிறுவனங்களும் செய்யக்கூடிய மிக நல்ல காரியம் இதற்கு மாற்றாகப் புதிதாக ஒன்றைக் கட்டுவது அல்ல என்று நினைக்கிறேன். எழுத்து ஒப்பந்தம், மாலைநேரப் பள்ளி, முடித்ததற்கு ஒரு சான்றிதழ், பெண்களுக்கும் இடம் என்று இருப்பதையே சீர்செய்யலாம்.

உங்கள் இரண்டாவது ஐயம், அரசு நழுவுகிறதா என்பது. சில இடங்களில் ஆம் என்றுதான் சொல்வேன். வெறும் மூன்று நாள் பயிற்சியையும் ஒரு சான்றிதழையும் கொடுத்து, ஆயிரக்கணக்கான இளைஞர்களைத் தொழில்முனைவோர் ஆக்கிவிட்டதாக அறிக்கை விடுவது நழுவல்தான். பணத்தையும் சேர்த்துக் கொடுத்த அரசுகளும் உண்டு. நைஜீரியாவில் 2011இல், குட்லக் ஜொனாதன் அதிபராகவும் ங்கோசி ஒகோஞ்சோ-இவேலா நிதி அமைச்சராகவும் இருந்தபோது, "யூவின்" என்ற தொழில்திட்டப் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டில் சுமார் 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 6,000 பேருக்கு நான்கு நாள் பயிற்சி; 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலருக்குச் சற்றுக் குறைவான பரிசு. தேர்வானவர்களில் ஒரு பெரும் பகுதியைக் குலுக்கலில் எடுத்ததால், பணம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பணம் பெற்றவர்களின் நிறுவனங்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பும் பத்துப் பேருக்கு மேல் வேலை கொடுக்கும் வாய்ப்பும் மிகவும் கூடியிருந்தன. சுமார் 7,000 வேலைகள் உருவாயின. ஆப்பிரிக்கச் சிறுதொழில்களில் பத்துப் பேர் என்ற அந்தக் கோட்டைத் தாண்டுவது அபூர்வம். பெரும்பாலானவை ஒருவரோடு தொடங்கி அந்த ஒருவரோடு முடிகின்றன.

அதற்காகப் பணம் கொடுத்தால் போதும் என்றும் எண்ண வேண்டாம். வட உகாண்டாவில் 2008இல் இளைஞர் குழுக்களுக்கு ஆளுக்குச் சராசரியாக 382 டாலர் வீதம் கொடுத்தார்கள். தையல், தச்சு, உலோக வேலை என்று கற்றுக் கருவிகள் வாங்கினார்கள். நான்கு ஆண்டுகளில் அவர்களின் வருமானம் 38 சதவீதம் கூடியிருந்தது. உலகமே பாராட்டியது. ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தால், பணம் கிடைக்காதவர்களும் வருமானத்தில் அவர்களை எட்டிப் பிடித்திருந்தார்கள். எத்தியோப்பியாவிலும் இப்படியே. ஒரு பிரிவுக்குத் தொழிற்சாலை வேலை, இன்னொரு பிரிவுக்கு 300 டாலரும் சிறு பயிற்சியும். ஓராண்டில் பணம் வாங்கித் தொழில் தொடங்கியவர்களின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது; தொழிற்சாலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் வேலையை விட்டுவிட்டார்கள். ஐந்து ஆண்டுகளில் வித்தியாசம் மறைந்தது. உதவி வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. நான்கைந்து ஆண்டுகள் முன்னதாகவே வறுமையிலிருந்து விலகுவது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அந்த ஆண்டுகளில்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மாற்ற இதுமட்டும் போதாது.

மாற்றுவது எது? ஆட்களை வேலைக்கு வைத்து வளரும் நிறுவனங்கள். அங்கே வேறொரு வகைக் கல்வி வேண்டியிருக்கிறது. நைஜீரியாவில் நடந்த இன்னோர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சிறு நிறுவன உரிமையாளர்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிலருக்கு, கணக்கும் விற்பனையும் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைக்கவோ வெளியே ஒப்படைக்கவோ உதவினார்கள். இரண்டாவது வழியே நல்ல பலன் தந்தது. உரிமையாளருக்கே எல்லாம் தெரிய வேண்டும் என்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்கிறோம்? தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

அப்படிச் சேர்த்துக்கொள்ளத் தகுந்த ஆட்களை உருவாக்குவதுதான் கல்லூரிகளின் வேலை. இதில் கானாவின் அஷேசி பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. மைக்ரோசாஃப்டில் பொறியாளராக இருந்த பாட்ரிக் அவுவா நாடு திரும்பி 2002இல் அக்ராவில் ஒரு வாடகைக் கட்டடத்தில் 30 மாணவர்களோடு தொடங்கியது. அஷேசி என்றால் அக்கான் மொழியில் தொடக்கம் என்று பொருள். இப்போது பெரெகுசோ மலைமேல் சொந்த வளாகம் இருக்கிறது. வணிக நிர்வாகமும் கணினியும் கற்பிக்கிறார்கள். ஆனால் நான் மதிப்பது வேறொன்றை: மேற்பார்வையாளர் இல்லாமலே மாணவர்கள் தேர்வு எழுதும் நேர்மை உடன்படிக்கை அங்கே இருக்கிறது. கல்லாவை நம்பி ஒப்படைக்க ஆள் கிடைக்காததால்தான் எத்தனையோ கடைகள் ஒரே கடையாக நின்றுவிடுகின்றன. நம்பிக்கைக்கு உரிய ஒரு மேலாளரின் விலை, லாகோஸில் இருந்தவனுக்குத் தெரியும்.

கல்வியால் சரிசெய்ய முடியாதவையும் உண்டு. கானாவில் மின்வெட்டுக்கு "டும்சோர்" என்று பெயர். அணைத்து ஏற்றுவது என்று பொருள். 2012 முதல் சில ஆண்டுகள் அது வாட்டியபோது, குளிர்பெட்டி வைத்து மீன் விற்றவர்களுக்கு எந்த வணிகப் பாடம் கைகொடுத்திருக்கும்? மாறாக, ஒரு வசதி சரியாக அமைந்தால் பாடமே இல்லாமல் காரியம் நடக்கிறது. கென்யாவில் 2007இல் வந்த எம்-பெசா கைப்பேசிப் பணம், சுமார் 1,94,000 குடும்பங்களை வறுமையிலிருந்து வெளியே கொண்டுவந்ததாகவும், நிலத்தை மட்டும் நம்பியிருந்த பெண்கள் பலரை வியாபாரத்துக்கு நகர்த்தியதாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இனி உங்கள் பத்து நாளுக்கு வருகிறேன்.

பத்து நாளையும் ஒரே மூச்சில் நடத்தாதீர்கள். சந்தைப் பெண்ணுக்கு ஒரு முழுநாள் வகுப்பு என்பது ஒரு நாள் விற்பனை இழப்பு. தக்காளியும் மீனும் மறுநாள் வரை காத்திருக்கா. அரைநாள் வகுப்புகளாகச் சில வாரங்களுக்குப் பரப்புங்கள். சில நாட்களை எடுத்துவைத்து, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒவ்வொருவரின் கடைக்கும் போய்ப் பார்க்கச் செலவிடுங்கள். லோமேவில் பலித்ததில் அந்த வருகைகளுக்கும் பங்கு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். கணக்குப் பாடத்தை ஒரு பிற்பகலுக்குச் சுருக்குங்கள்: வீட்டுப் பணமும் கடைப் பணமும் வேறு வேறு பையில் இருக்கட்டும், அது போதும். சேமிப்பைப் பற்றி அதிகம் உபதேசிக்க வேண்டாம். அங்கே "சுசு" இருக்கிறது. வசூல்காரர் தினமும் கடைக்கு வந்து சிறுதொகை வாங்கிப்போய், மாதமுடிவில் ஒருநாள் தொகையைக் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். அதைப் புரிந்துகொண்டு, திரும்பி வரும் தொகையை என்ன செய்கிறார்கள் என்று கேட்டுத் தொடங்குங்கள்.

மீதி நேரம் முழுவதும் அவர்கள் வெளியே போய்ச் செய்துவிட்டு வரும் வேலையாக இருக்கட்டும். ஐந்து வாடிக்கையாளர்களிடம் "வேறு எதை, எங்கே வாங்குகிறீர்கள்" என்று கேட்டு வரச் சொல்லுங்கள். மூன்று மொத்த வியாபாரிகளிடம் விலை விசாரித்து வரச் சொல்லுங்கள். பக்கத்துக் கடையில் இல்லாத ஒரு பொருளை ஒரு வாரம் சிறிய அளவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே அடுத்த வகுப்பின் பாடம். சிலருக்குப் பயிற்சி கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரியின் வியாபாரம் பறிபோகுமோ என்ற கவலை உங்களுக்கு வரலாம், எனக்கும் இருந்தது. கென்யாவில் 3,000 பெண்களுக்கு மேல் எடுத்து நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்றவர்களின் லாபம் மூன்று ஆண்டுகளில் 15 சதவீதம் கூடியபோதும் அதே சந்தையில் பயிற்சி பெறாதவர்களுக்கு நட்டம் ஏற்படவில்லை. புதிய பொருளும் நல்ல கவனிப்பும் வந்ததும் சந்தையே கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

கடைசியாக, ஆசிரியர் நாற்காலியில் நீங்கள் மட்டும் உட்காராதீர்கள். கானாவின் சந்தைகளில் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி உண்டு. தக்காளிக்கு ஒருவர், வெங்காயத்துக்கு ஒருவர், கிழங்குக்கு ஒருவர். "ஓஹெமா" என்பார்கள், அரசி என்று பொருள். வரத்து, விலை, தகராறு எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. தங்களைக் கேட்காமல் நடக்கும் வகுப்பை அவர்கள் விரும்பவும் மாட்டார்கள். அவர்களிடமும், அவர்களைப் போன்ற மூத்த வியாபாரிப் பெண்களிடமும் ஆளுக்கு இரண்டு மூன்று இளம்பெண்களை ஒப்படைக்க முடியுமா என்று கேளுங்கள்; அவர்கள் செலவிடும் நேரத்துக்குத் தொண்டு நிறுவனம் பணம் கொடுக்கட்டும். வகுப்பறை வாடகைக்கு ஒதுக்கிய தொகையே இதற்குப் போதும். அக்ராவில் இறங்கியதும் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போகும் முன் மகோலா சந்தைக்குப் போங்கள், ஓஹெமாவைப் பாருங்கள். உங்கள் பாடத்திட்டத்தை அவரிடம் சொல்லி, எதை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள்.